செனோகோஸுக்கு அப்புறம் ரோடு இல்லை

சோலையப்பனுக்கு வாய்தான் வரம், அதே வாய்தான் சனி. மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், ஆய்வாளர் ஜீப் வந்து நின்றதும் வாத்தியார் கண் முதலில் தேடுவது அவனைத்தான். கணக்கு வராது, இங்கிலீஷ் வரவே வராது. ஆனால் எதையாவது ஒரு தடவை காதில் போட்டுவிட்டால் போதும், பிசிறில்லாமல் ஒப்பிப்பான். ஆறுகள், அணைக்கட்டுகள், மாவட்டத் தலைநகரங்கள் எல்லாம் முடிந்தபிறகு, யாரும் கேட்காமலே மதுரை பரமக்குடி பஸ் நிற்கிற ஊர்களையும் சிலைமான், திருப்புவனம், லாடனேந்தல், திருப்பாச்சேத்தி என்று கண்டக்டர் குரலில் அடுக்குவான். ஆய்வாளர் சிரித்துக் கைதட்டிவிட்டுப் போவார். அந்தக் கைதட்டல்தான் பாவி மனுஷனைக் கெடுத்தது. நிறையத் தெரிந்தவனுக்குத்தான் பரிசு என்று நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த நாற்பத்திரண்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலாக அபுதாபி முசஃபாவில் போய்விட்டது. கேட், கிரில், இரும்புப் படிக்கட்டு செய்கிற ஒரு பட்டறையில் வெல்டர். நல்ல வெல்டர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவன் ஒட்டிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரலுக்கு ஒன்றும் அகப்படாது. ஆனால் அவன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. லீவில் போனால் மகள் ஜெயபாரதி முதல் பத்து நாளைக்குக் கிட்டவே வரமாட்டாள், வாசல்படியில் நின்று யாரோ விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். ஒருவழியாக மடியில் வந்து உட்காரும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். இப்போது எட்டாம் வகுப்பு. மடியில் உட்காரும் வயதும் தாண்டிவிட்டது.

அவன் பெண்டாட்டி நாகவள்ளி அழுகிற ரகம் இல்லை. "நான் கல்யாணம் கட்டிக்கிட்டது உங்களையா, இந்தப் போனையாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளில் சோலையப்பனுக்குச் சோறு இறங்காது. மூன்று பேரும் ஒரே கூரைக்கு அடியில் படுத்து எழுந்திருக்க வேண்டும், அது எந்த நாடாக இருந்தாலும் சரி. அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

இந்த ஆசைக்கு ஒரு ஊர்ப்பெயர் வைத்துக் கொடுத்தவன் பட்டறையின் ஃபோர்மேன், செர்பியாக்காரன். முழுப்பெயர் ஸ்வெதிஸ்லாவ். அவர்கள் நாட்டில் அதைச் சுருக்கி ஸ்வேதா என்று கூப்பிடுவார்களாம். சொன்னானே பார்க்கலாம், அன்றோடு போச்சு! ஆறடி உயரமும் கரடி மாதிரி முடியும் உள்ள அந்த ஆள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தால், "ஸ்வேதா மேடம் வந்தாச்சு, எந்திரிங்கடா" என்று தமிழ்ப் பையன்கள் கிசுகிசுப்பார்கள். அவனும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பான். நல்ல மனுஷன், ஆனால் ஊர் ஞாபகம் வந்துவிட்டால் வாய் மூடாது.

டீ நேரத்தில் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு கிச்சடி பாஷையில் அவன் பேசுவான், சோலையப்பன் காது அதைத் தமிழாக வாங்கிக்கொள்ளும். செர்பியாவின் கிழக்கு ஓரம், பல்கேரியாவை ஒட்டி ஒரு மலைத்தொடர். ஸ்தாரா ப்ளானினா என்று பெயர், பழைய மலை என்று அர்த்தம். அந்த மலைமுதுகின் மேலேயேதான் எல்லை ஓடுகிறது. அதன் கீழே கடைசிக் கிராமம் செனோகோஸ், அதுதான் ஸ்வேதாவின் ஊர்.

"சோலை பாய், எங்க ஊரு ஒரு அடி கூட நகரல. எல்லைதான் இங்கிட்டும் அங்கிட்டுமா நகந்துக்கிட்டே இருந்துச்சு."

துருக்கி சுல்தான் ஆண்டான். அவன் போனதும் பீரோட் பட்டணம் செர்பியாவுக்கு, அடுத்த பட்டணமான ஸாரிப்ரோட் பல்கேரியாவுக்கு என்று எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து பெரிய நாடுகள் பிரித்துக் கொடுத்தன. முதல் உலகப்போர் முடிந்ததும் ஸாரிப்ரோட்டையும் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அடுத்த போரில் அந்தப் பக்கம், போர் முடிந்ததும் மறுபடி இந்தப் பக்கம். அப்புறம் ஊர்ப்பெயரையே மாற்றி, பல்கேரியத் தலைவர் ஒருவர் பெயரால் திமித்ரோவ்கிராட் என்று பலகை மாட்டினார்கள். ஸாரிப்ரோட் என்றால் ராஜா ஆற்றைக் கடந்த துறை. ராஜாவும் போனான், பெயரும் போனது, ஆனால் அந்தப் பக்கத்துச் சனங்கள் இன்னும் ஸாரிப்ரோட் என்றுதான் சொல்கிறார்களாம். ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று இருந்துவிடலாம்தான். ஆனால் நடுவில் கம்பி போட்டுவிட்டார்கள். ஸ்வேதாவின் அம்மா இந்தப் பக்கம், அவளுடைய அக்கா அந்தப் பக்கம். இரண்டு அரசாங்கமும் அனுமதி கொடுக்கிற நாளில் மலைமேல் சனங்கள் கூடுவார்களாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போய், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சாயந்திரம் அவரவர் நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அதைக் கேட்ட அன்று சோலையப்பன் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டான். "நம்ம கதையும் அதானே பாய். இங்க கம்பி மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்றான். ஸ்வேதா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

போன வருடம் கோடை முடியும் தறுவாயில் அதே ஸ்வேதா ஒரு சேதி கொண்டுவந்தான். பீரோட்டில் புதிதாக இரும்பு வேலைப் பட்டறை திறக்கிறார்கள், அங்கே வெல்டர் கிடைக்கவில்லை, உள்ளூர் இளவட்டமெல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. ஆள் எடுக்க அபுதாபிக்கே வருகிறார்கள். முதல் வருடம் தனியாக இருந்தால், அடுத்த வருடம் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள வழி இருக்கிறது. "ஆனா என் பேரை எங்கயும் எடுக்காத. நம்ம ஆளையே நான் வெளிய அனுப்புறேன்னு நம்ம முதலாளி, அந்தக் கஃபீல் காதுக்குப் போச்சு, கலாஸ், கதை முடிஞ்சது, எனக்கும் டிக்கெட்" என்றான்.

அன்றைக்கே சோலையப்பன் படிக்க ஆரம்பித்துவிட்டான். வெல்டிங்கை அல்ல, ஊரை! நாம் போகிற ஊரைப்பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்திருந்தால்தானே நம்மை மதிப்பார்கள்? ஸ்வேதாவைத் துளைத்து எடுத்தான். வழியில் என்னென்ன ஊர், எந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எங்கே ஆறு, எங்கே பாலம் என்று கேட்டுக் கேட்டு மண்டையில் ஏற்றினான். கமெனிட்ஸா என்றால் கல் நிறைந்த ஊர், ஆகவே அது கல்லுப்பட்டி. செனோகோஸ் என்றால் புல் அறுக்கிற இடம், ஆகவே அது புல்லுக்காடு. இப்படித் தமிழ்ப் பெயர் கட்டி, கண்டக்டர் குரலில் தொழிலாளர் கேம்ப் ரூமில் உட்கார்ந்து ஒப்பித்தான். "நீஷ், பேலா பலாங்கா, பீரோட், ஸாரிப்ரோட், ஸ்மிலோவ்ட்ஸி, கமெனிட்ஸா, செனோகோஸ், எறங்கு எறங்கு, செனோகோஸுக்கு அப்புறம் ரோடு இல்ல!"

கீழ்க் கட்டிலில் படுத்திருக்கும் விஜயபாஸ்கர் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வான். விருத்தாசலத்துப் பையன், போன தை மாசம்தான் கல்யாணம் ஆனவன், அதே பட்டறையில் வெல்டர். "அண்ணே, வேலைக்குப் போறீங்களா, வாத்தியாராப் போறீங்களா? வுடுங்கண்ணே, தூங்கணும்." ஆனாலும் அவனும் பெயர் கொடுத்திருந்தான்.

ஊரில் நாகவள்ளி அதற்குமேல். திருப்புவனம் சந்தையில் தேடி அலைந்து மூன்று கம்பளிச் சட்டை வாங்கிவிட்டாள். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை வாங்குகிறவளைப் பார்த்து ஊரே சிரித்தது. "சிரிக்கட்டும் போங்க" என்றாள் போனில். "அங்கிட்டு கருவேப்பிலை கிடைக்குமாங்க? இல்லாட்டி காயவச்சுக் கொண்டாறேன். பாரதி தனி ரூமு வேணுங்கிறா. ரெண்டு ரூமு உள்ள வீடாப் பாருங்க." அவள் இப்படி ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டுக் கேட்டு சோலையப்பன் கேட்டதே இல்லை. பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆள் எடுக்கிற நாள் வந்தது. காலையில் வெல்டிங் டெஸ்ட். சாய்த்து நிறுத்திய பைப்பைச் சுற்றி அவன் போட்ட வெல்டிங்கைப் பார்த்துவிட்டு, வந்திருந்த செர்பியாக்காரர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மத்தியானம் நேர்காணல். ஒரு மேஜைக்குப் பின்னால் மிலீட்ஸா என்ற மேடம், பக்கத்தில் மொழிபெயர்க்க ஆள் எடுக்கும் கம்பெனியின் சீதாராமன் சார், கும்பகோணத்துக்காரர், டை கட்டியிருந்தார்.

"நீங்க வேலை பாக்கப்போற ஊரு எங்க இருக்குன்னு தெரியுமான்னு கேக்கறாங்க" என்றார் சீதாராமன்.

பீரோட், செர்பியாவில் இருக்கு. இவ்வளவு சொல்லியிருந்தால் போதும். மேடம் அதற்குத்தான் கேட்டாள். ஆனால் சோலையப்பனுக்கு அங்கே மேடம் தெரியவில்லை, ஜீப்பில் வந்த ஆய்வாளர்தான் தெரிந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டான். நீஷில் ஆரம்பித்தான். பெயர்களை அவனே நேராகச் சொன்னதால் மேடத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பீரோட்டில் அவள் புன்னகை செய்தாள். ஸாரிப்ரோட் என்றதும் புருவத்தை உயர்த்தினாள், பழைய பெயர் எல்லாம் தெரிந்திருக்கிறதே என்ற ஆச்சரியம். அந்த முகத்தைப் பார்த்ததும் இவனுக்கு இன்னும் ஊக்கம் வந்துவிட்டது. ஸ்மிலோவ்ட்ஸி, கமெனிட்ஸா, செனோகோஸ். செனோகோஸுக்கு அப்புறம் ரோடு இல்லை மேடம், நடைதான். ஓடையைப் பிடித்து ஏறினால் அரை நாளில் மலைமுதுகு. அதுதான் எல்லை, அந்தப் பக்கம் பல்கேரியா. அந்தக் காலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் போய் வருவார்கள், பழைய காவல் கொட்டகை இப்போது காலியாகக் கிடக்கிறது.

சீதாராமன் பாதியிலேயே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். மேடம் முகத்தில் புன்னகை இல்லை. காலையில் டெஸ்ட் பார்த்த செர்பியாக்காரர் பின்னால் நின்றிருந்தார், அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேக்கறாங்க."

ஸ்வேதாவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கஃபீல் ஞாபகமும் கூடவே வந்தது. "யாரும் சொல்லல சார். நானே போன்ல மேப்பைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றான், பெருமையாக வேறு. அட மடையா!

வெளியே வராந்தாவில் சீதாராமன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன மனுஷன்யா நீ? போன தடவை அதே ஊருக்கு வேற கம்பெனிக்குக் கூட்டிண்டு போனவாள்ல பாதிப் பேர் அந்த மலையைத் தாண்டி ஓடிட்டா. அந்தப் பக்கம் போயிட்டா அங்கேருந்து ஜெர்மனி, இத்தாலின்னு எங்க வேணா போகலாம், இப்பல்லாம் நடுவுல செக்போஸ்ட்டே கிடையாது. நீ என்னடான்னா ஓடற வழியை அவங்க முகத்துக்கு நேராவே ஒப்பிக்கறே! வேலைக்கு வந்தவனுக்கு எல்லை எதுக்குய்யா?"

"சார், நான் ஓடுறதுக்கு இல்ல சார். இருக்கிறதுக்குக் கத்துக்கிட்டேன்."

சீதாராமன் டையைத் தளர்த்திக்கொண்டார். கோபம் இறங்கிவிட்டது. "எனக்குப் புரியறது. அவங்களுக்குப் புரியாது. வெல்டிங்கைப் பத்தி நல்லாத்தான் சொன்னா. மாசி கடைசில இன்னொரு ரவுண்டு வருவா, அதுவரைக்கும் இப்பப் போறவா ஒழுங்கா இருந்துட்டா, நானே உனக்காகப் பேசறேன். அப்ப தயவுசெஞ்சு வாயை மூடிண்டு வா."

விஜயபாஸ்கருக்கும் அதே கேள்விதான் வந்தது. "எனக்கு வெல்டிங் மட்டும்தான் தெரியும் மேடம்" என்றான். எடுத்துவிட்டார்கள்.

அவன் போகிற அன்று ரூமில் எல்லோரும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். சோலையப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, நீ அங்க நல்லபடியா இருந்தாத்தான் எனக்குக் கதவு தொறக்கும். ஒழுங்கா இரு." விஜயபாஸ்கர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "உங்களுக்கு நான் துரோகம் பண்ணுவனாண்ணே?" சொன்ன நேரத்தில் அவன் மனசாரத்தான் சொன்னான்.

நாகவள்ளியிடம், ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கு என்று மட்டும் சொன்னான். "கம்பளிச் சட்டைதானே, ஊசிப் போற பொருளா" என்றாள் அவள்.

கார்த்திகை பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேம்ப் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. காற்றுச் சத்தம் காதைக் கிழித்தது. அப்புறம் விஜயபாஸ்கர் குரல், பல் கிட்டிப்போன குரல்.

"அண்ணே... ஸ்மிலோவ்ட்ஸி தாண்டி வந்துட்டேண்ணே. பனி கொட்டுது. நெட்டு வரல, மேப்பு வரல. அடுத்த ஊரு என்னண்ணே?"

சோலையப்பன் கையிலிருந்த ஈரச் சட்டை கீழே விழுந்தது. "எங்கடா இருக்க நீ? அங்க எதுக்குடா வந்த?"

மூன்று பேராகக் கிளம்பினார்களாம். ஜெர்மனியில் ஒருத்தன் வேலை வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறான். முன்னால் போன இரண்டு பேரைக் காணவில்லை. "திரும்பிப் போடா நாயே! என் வாழ்க்கைல மண்ணள்ளிப் போடாதடா!" என்று கத்தினான் சோலையப்பன். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பாகிஸ்தான்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"திரும்ப முடியாதுண்ணே, ரொம்ப தூரம் வந்துட்டேன். காலு மரத்துப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும். ரோடு ரெண்டாப் பிரியுதுண்ணே. எந்தப் பக்கம்ணே? சொல்லுங்கண்ணே, செத்துடுவேன் போலருக்கு." அழ ஆரம்பித்துவிட்டான்.

தெரியாது என்று போனை வைத்திருக்கலாம். அப்படி வைத்துவிடுகிற மனுஷன் என்றால் அவனுக்கு இந்தக் கதி எதற்கு? சோலையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்வேதா டீ நேரத்தில் விரலால் மேஜைமேல் வரைந்த ஆறும் பாலமும் வரிசையாக வந்து நின்றன. "ஆத்துச் சத்தம் கேக்குற பக்கமாப் போ. நிக்காத, உக்காராத. கமெனிட்ஸா வரும். புகை வர்ற வீடு எதுன்னாலும் போய்க் கதவைத் தட்டு. நெருப்புகிட்ட உக்காரு. காலைல வெளிச்சம் வந்தப்புறம் என்னன்னு பாத்துக்கலாம்."

"சரிண்ணே. அதுக்கப்புறம்ணே?"

கமெனிட்ஸாவோடு நிறுத்தியிருக்கலாம். உயிர் பிழைக்க அவ்வளவு போதும். அங்கேயே நிறுத்தியிருந்தால் பயல் வேறு வழி தெரியாமல் மறுநாள் பட்டறைக்குத் திரும்பியிருப்பான், மாசியில் இவனுக்குக் கதவு திறந்திருக்கும். இதெல்லாம் சோலையப்பனுக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை. வரிசையை ஒரு நாளும் பாதியில் விட்டுப் பழகாத வாய் அது. அந்தப் பக்கம் அழுகிறவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்ற நினைப்பும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது. "அதுக்கப்புறம் செனோகோஸ். செனோகோஸுக்கு அப்புறம் ரோடு இல்ல. ஓடையை விடாமப் பிடிச்சு ஏறு" என்றான். லைன் அறுந்துவிட்டது.

நாலு நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் விருத்தாசலத்திலிருந்து விஜயபாஸ்கரின் பெண்டாட்டி அருணா போன் செய்தாள். கமெனிட்ஸாவில் ஒரு கிழவர் கதவைத் திறந்து சூப்பு கொடுத்திருக்கிறார். மறுநாள் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கியவனை பல்கேரியப் போலீஸ் பிடித்துவிட்டது. கால் விரல் இரண்டு கறுத்துவிட்டதாம், உயிருக்கு ஒன்றும் இல்லை. முகாமில் வைத்திருக்கிறார்கள், காகிதம் தயாரானதும் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். "நீங்க இல்லன்னா அவரு இல்லண்ணே. நீங்க நல்லாருக்கணும், உங்க புள்ளகுட்டி நல்லாருக்கணும்" என்று அந்தப் பெண் தேம்பினாள். இவனும் "சரிம்மா, சரிம்மா" என்றான்.

சீதாராமன் இரண்டு வரி வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பினார். திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சோலையப்பன், கல்ஃப்லேருந்து ஆள் எடுக்கறதையே நிறுத்திட்டா. மாசி ரவுண்டு கிடையாது. இனிமே எப்பவும் இருக்காதுன்னு நினைக்கறேன். என்னை மன்னிச்சுக்கோ."

ஸ்வேதாவிடம் சொன்னபோது அவன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "என் ஊர்ல யாரு கதவைத் தட்டுனாலும் தொறப்பாங்க பாய். தொறக்கத்தான் இப்ப ஆளு இல்ல. கமெனிட்ஸால ஒரு கெழவன் இருந்தது அவன் அதிர்ஷ்டம்" என்றான். எழுந்து வேலைக்குப் போய்விட்டான்.

நாகவள்ளியிடம் அன்று சாயந்திரம் கேம்ப் மாடியிலிருந்து முழுக் கதையையும் சொன்னான். மேடம் கேட்டது, இவன் ஒப்பித்தது, மலையிலிருந்து வந்த போன், எதையும் மறைக்கவில்லை. கடைசியில் அவள், "நாங்க வர்றது இல்லைங்கிறீங்க" என்றாள்.

"இல்ல வள்ளி."

"அந்தப் பையனுக்கு வழி சொல்லாம இருக்க உங்களால முடியாது. எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்." பிறகு அவள் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உடைந்தது. "அருணாவுக்கு அவ புருசனைப் போலீசாவது பிடிச்சு வீட்டுக்கு அனுப்பி வச்சிரும். உங்களை யாருங்க பிடிச்சு அனுப்புவா?"

சோலையப்பனுக்குச் சொல்ல ஒரு பெயரும் வாயில் வரவில்லை. கீழே ஓவர்டைம் டூட்டிக்குப் போகிற வண்டி ஹார்ன் அடித்தது. "வச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.